ஒரு மில்லிமீட்டரின் விலை

2012 ஏப்ரலில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ‘ஷீல்டு’ என்ற மெல்லிய கைத்துப்பாக்கியை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இடுப்பில் செருகிச் சட்டையை மேலே விட்டால் வெளியே தெரியாது. அகலம் இரண்டரை சென்டிமீட்டருக்குள், குழலின் நீளம் எட்டு சென்டிமீட்டருக்குள், தோட்டா போடாத எடை சுமார் 540 கிராம். ஒரே துப்பாக்கி இரண்டு காலிபர்களில் விற்பனைக்கு வந்தது. ஒன்று 9 மி.மீ. மற்றது .40, அதாவது குண்டின் விட்டம் ஓர் அங்குலத்தின் நூறில் நாற்பது பங்கு; மெட்ரிக் கணக்கில் 10.2 மி.மீ. பெரிய மேகசினைப் பொருத்தினால் முதலாவதில் எட்டுத் தோட்டாக்கள், இரண்டாவதில் ஏழு.

எது நல்லது? அமெரிக்காவின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் வயது வந்தவர் அனுமதிச் சீட்டு இல்லாமலே கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம். ஆகவே அங்கே இந்தக் கேள்வி லட்சக்கணக்கானோர் கடை மேசையின் முன் நின்று உண்மையாகவே கேட்பது. பலருடைய பதில், “பெரிய குண்டு, பெரிய பாதுகாப்பு” என்பதுதான். நீண்ட காலம் அமெரிக்க ராணுவத்திலும் காவல்துறையிலும் பலர் அப்படித்தான் நம்பினார்கள். இயற்பியலும் உடலியலும் சொல்வது வேறு. அந்த ஒரு மில்லிமீட்டருக்கு என்ன விலை கொடுக்கிறோம், அந்த விலையைக் கொடுப்பது யார் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்காமல் காலிபரைத் தேர்ந்தெடுப்பது ஆபத்தானது.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். உலோகக் கூடு, அதற்குள் வெடிமருந்து, முனையில் ஈயக் குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. குழலிலிருந்து பாய்ந்து செல்வது குண்டு மட்டுமே.

சிகாகோவிலிருந்து மயாமி வரை

காலிபர் விவாதத்தின் முக்கியமான அரசுச் சோதனை ஒன்று 1904-இல் சிகாகோவின் மாட்டுத் தொழுவங்களில் நடந்தது. பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளை அமெரிக்கப் படையினரின் .38 காலிபர் ரிவால்வர்கள் தடுத்து நிறுத்தவில்லை என்ற புகார் எழுந்திருந்தது. ஜான் தாம்சன் என்ற ராணுவ அதிகாரியும் லூயி லகார்ட் என்ற ராணுவ மருத்துவரும் உயிருள்ள மாடுகள் மீதும் மனிதச் சடலங்கள் மீதும் பல காலிபர்களைச் சுட்டுப் பார்த்தனர். சுடப்பட்ட விலங்குகள் சில. சுட்ட இடங்கள் வெவ்வேறு. முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. ஆனாலும், ராணுவக் கைத்துப்பாக்கியின் காலிபர் .45-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 கைத்துப்பாக்கியை 1911-இல் ராணுவம் ஏற்றது. பெரிய காலிபரின் புகழ் அங்கே வேரூன்றியது.

அதே காலத்தில் ஜெர்மனியில் கியோர்க் லூகர் 9 மி.மீ. தோட்டாவை உருவாக்கியிருந்தார். ஐரோப்பா அந்தப் பாதையில் சென்றது. அமெரிக்கர்களில் பலர் அதை நீண்ட காலம் பலவீனமானது என்றே கருதினார்கள். அந்தக் கருத்துக்கு 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் ஒரு துயரமான சான்று கிடைத்ததாகத் தோன்றியது.

வங்கிக் கொள்ளையர் இருவரின் காரை எட்டு எஃப்பிஐ அதிகாரிகள் மறித்தனர். ஐந்து நிமிடங்களுக்குள் முடிந்துபோன மோதலில் அதிகாரிகள் இருவர் இறந்தனர், ஐவர் காயமடைந்தனர். கொள்ளையர் இருவரும் கொல்லப்பட்டார்கள். மோதலின் தொடக்கத்திலேயே ஓர் அதிகாரியின் 9 மி.மீ. குண்டு கொள்ளையரில் ஒருவரின் வலது மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, நுரையீரலைக் கிழித்தது. உயிருக்கே ஆபத்தான காயம் அது. ஆனால் குண்டு இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்பாக நின்றுவிட்டது. காயத்தோடு அந்த ஆள் தொடர்ந்து சுட்டார். அதிகாரிகளுக்கு நேர்ந்த இழப்புகளில் பெரும்பகுதி அதன் பிறகே நேர்ந்தது.

பழி 9 மி.மீ. மீது விழுந்தது. உண்மையில் தவறு அளவில் இல்லை, குண்டின் வடிவமைப்பில் இருந்தது. அதைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட கோட்பாட்டில் இருந்தது.

உடலுக்குள் நடப்பது என்ன

குண்டு திசுவைக் கடக்கும்போது இரண்டு குழிகள் உண்டாகின்றன. குண்டு நேரடியாக நசுக்கிச் செல்லும் துளை நிலையான குழி. அதைச் சுற்றித் திசு ஒரு கணம் வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு மீண்டும் கூடுவது தற்காலிகக் குழி. குளத்தில் கல் விழுந்தால் நீர் விலகி மறுபடி சேர்வதுபோல, தசையும் நுரையீரலும் விலகித் திரும்பச் சேர்ந்துவிடுகின்றன. நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வரும் ரைஃபிள் குண்டு திசுவை அதன் மீள்தன்மைக்கு அப்பால் இழுத்துக் கிழித்துவிடும். நொடிக்கு 250 முதல் 400 மீட்டர் வேகத்தில் செல்லும் கைத்துப்பாக்கிக் குண்டால் பெரும்பாலான திசுக்களில் அது முடியாது. ஆகவே கைத்துப்பாக்கிக் குண்டு செய்யும் சேதம், பெரும்பாலும் அது நேரடியாகத் தொட்ட இடத்தில் மட்டுமே.

1970-களில் அமெரிக்க அரசுக்காக நடந்த ஓர் ஆய்வு இதற்கு நேர்மாறாக, தற்காலிகக் குழி பெரிதாக இருந்தால் குண்டுக்குத் திறன் அதிகம் என்று மதிப்பிட்டது. அந்த அளவுகோலில், எடை குறைந்து, வேகமாகச் சென்று, உடலுக்குள் நுழைந்தவுடன் விரிந்து, ஆழம் போகாமல் நிற்கும் குண்டுகள் உயர்ந்த இடத்தைப் பெற்றன. மயாமியில் இதயத்துக்கு முன்னால் நின்ற குண்டு அந்த வகையைச் சேர்ந்தது. கோட்பாடு கேட்டபடியே அது நடந்துகொண்டது.

மோதலுக்குப் பிறகு எஃப்பிஐ காய இயல் நிபுணர்களைக் கூட்டியது. வியட்நாம் போரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய மார்ட்டின் ஃபாக்லர் அவர்களுள் முக்கியமானவர். சான் பிரான்சிஸ்கோவின் ராணுவ ஆய்வகத்தில் அவர் ஒரு சோதனை முறையைச் செம்மைப்படுத்தியிருந்தார். பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினைப் பத்து விழுக்காட்டுக் கரைசலாகக் கட்டியாக்கி, 4 டிகிரி செல்சியஸில் குளிர்வித்துச் சுடுவது. ஒவ்வொரு கட்டியையும் முதலில் சரிபார்க்க வேண்டும்: நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் ஏவிய சிறு எஃகு உருண்டை சுமார் எட்டரை சென்டிமீட்டர் புதைந்தால் அது பயன்படுத்தத் தக்கது. இந்த எளிய ஒழுங்கு வந்த பிறகுதான் ஓரிடத்தில் கிடைத்த முடிவை இன்னோரிடத்தில் சரிபார்க்க முடிந்தது.

1989-இல் வெளியான எஃப்பிஐயின் அறிக்கை சில உண்மைகளைத் தயக்கமின்றிச் சொன்னது. குண்டு எவரையும் தூக்கி எறிவதில்லை. 8 கிராம் எடையுள்ள 9 மி.மீ. குண்டு நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் 70 கிலோ மனிதர் மீது பட்டால், அதன் முழு உந்தமும் அவருக்கு நொடிக்கு 4 சென்டிமீட்டர் வேகத்தைக்கூடத் தராது. திரையில் ஆட்கள் பின்னால் பறப்பது இயக்குநரின் கற்பனை. உடனடியாக ஒருவரைச் செயலிழக்கச் செய்வது மூளையிலோ முதுகுத்தண்டின் மேற்பகுதியிலோ படும் குண்டு மட்டுமே. மற்றபடி ரத்த இழப்பால்தான் செயல் ஒடுங்கும். அதற்கு நேரம் பிடிக்கும். இதயமே சிதைந்தாலும் மூளையில் எஞ்சியிருக்கும் ஆக்ஸிஜன் பத்துப் பதினைந்து நொடிகள் விருப்பப்படி இயங்கப் போதும் என்றது அறிக்கை.

இதிலிருந்து பிறந்த விதி: குண்டு குறைந்தது 12 அங்குலம், அதாவது 30 சென்டிமீட்டர் ஜெலட்டினில் ஊடுருவ வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. மனித மார்பு அவ்வளவு தடிமனா என்று வியக்கத் தோன்றும். நீட்டிய கை, பக்கவாட்டில் திரும்பிய உடல் என எதையெல்லாம் குண்டு கடக்க வேண்டியிருக்கும் என்பதை மயாமி காட்டியிருந்தது. காலிபரின் அளவுக்கு அறிக்கை இரண்டாம் இடம்தான் தந்தது. ஆழம் போதிய அளவு இருந்தால் மட்டுமே விட்டத்தைப் பற்றிப் பேசலாம்.

.40 பிறந்த கதை

ஆழமும் விட்டமும் சேர்ந்து வேண்டும் என்று எஃப்பிஐ 10 மி.மீ. தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. 1983-இல் வெளிவந்த முரட்டுத் தோட்டா அது. முழு வலுவில் சுட்டால் பின்னுதைப்பு பலருக்குத் தாங்கவில்லை. வெடிமருந்தைக் குறைத்து, 11.7 கிராம் குண்டு நொடிக்கு 290 மீட்டர் வேகத்தில் செல்லும்படி மென்மையாக்கினார்கள். அந்த அளவு மருந்துக்கு 25 மி.மீ. நீளக் கூடு தேவையில்லை. உள்ளே வெற்றிடம் மிஞ்சியது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் கூட்டைச் சுமார் மூன்றரை மி.மீ. வெட்டிச் சுருக்கின. 1990 ஜனவரியில் .40 அறிமுகமானது. 9 மி.மீ. துப்பாக்கியின் உடலுக்குள்ளேயே அது அடங்கியதால் அமெரிக்கக் காவல்துறைகள் விரைந்து ஏற்றன. 1997-இல் எஃப்பிஐயும் ஏற்றது.

இதற்கிடையே குண்டு செய்யும் கலை அமைதியாக வளர்ந்துகொண்டிருந்தது. முனையில் குழிவு கொண்ட ‘ஹாலோ பாயின்ட்’ குண்டு ஈரமான திசுவில் புகும்போது அந்தக் குழிவில் ஏறும் அழுத்தம் அதை மலர்த்துகிறது. விரியும் குண்டின் கதையில் இந்தியாவுக்கும் ஒரு பக்கம் உண்டு. 1890-களில் கொல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச் சாலையில் ஆங்கிலேயர் உருவாக்கிய குண்டுகள் எழுப்பிய கண்டனத்தின் விளைவாக, 1899 ஹேக் பிரகடனம் போரில் விரியும் குண்டுகளைத் தடைசெய்தது. போருக்குப் பொருந்தும் அந்தத் தடை உள்நாட்டுக் காவல் பணிக்குப் பொருந்தாது. விரிந்த குண்டு ஆளைத் துளைத்துப் பின்னால் நிற்பவரைத் தாக்கும் வாய்ப்புக் குறைவு என்பதால் காவல்துறைகள் அதையே விரும்புகின்றன.

பழைய ஹாலோ பாயின்ட்டுகளின் குறை, கனத்த உடையைக் கடக்கும்போது துணி குழிவை அடைத்துக்கொள்வது. அடைபட்ட குண்டு விரியாது. ஈய உள்ளகம் தன்னைச் சுற்றியுள்ள செப்புறையை விட்டுக் கழன்றுவிடுவது இன்னொரு குறை. எஃப்பிஐயின் சோதனை வரிசை வெறும் ஜெலட்டினோடு நிற்காமல் கனத்த துணி, எஃகுத் தகடு, சுவர்ப் பலகை, ஒட்டுப்பலகை, கார்க் கண்ணாடி ஆகியவற்றுக்குப் பின்னாலும் குண்டுகளைப் பரிசோதித்தது. அந்தத் தேர்வில் தேறுவதற்காக நிறுவனங்கள் உறையையும் ஈயத்தையும் பிணைத்தன, குழிவின் வடிவைத் திருத்தின. இருபது ஆண்டுகளில் 9 மி.மீ. குண்டு தேவையான ஆழத்தைத் தொட்டபடியே சுமார் 14 மி.மீட்டருக்கு விரியக் கற்றுக்கொண்டது. .40 குண்டு அதைவிட ஓரிரு மில்லிமீட்டர் அதிகம் விரியும். பிணவறை மேசையில் இரண்டின் காயங்களையும் பிரித்தறிவது அனுபவமுள்ள மருத்துவருக்கும் கடினம்.

2014-இல் எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவு 9 மி.மீட்டருக்குத் திரும்பப் பரிந்துரைத்தது. காரணங்களில் ஒன்று குண்டின் முன்னேற்றம். மற்றது சுடுபவரைப் பற்றியது: பெரும்பாலான அதிகாரிகள் 9 மி.மீட்டரில் வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டார்கள்.

கைக்கு வரும் கணக்கு

ஏன் அப்படி என்பதை நியூட்டனின் மூன்றாம் விதி சொல்கிறது. குண்டு முன்னே எடுத்துச் செல்லும் உந்தத்துக்குச் சமமான உந்தம் துப்பாக்கிக்குப் பின்னோக்கிக் கிடைக்கிறது. உந்தம் என்பது எடையையும் வேகத்தையும் பெருக்கியது. ஆனால் கையில் வந்து இறங்கும் ஆற்றல், உந்தத்தின் இருமடியைத் துப்பாக்கியின் எடையின் இரு மடங்கால் வகுத்தால் வருவது. அந்த இருமடியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

தோட்டாக்களோடு 600 கிராம் எடையுள்ள சிறு துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். வெடிவாயுவின் பங்கை ஒதுக்கிவிட்டு, குறுங்குழலில் கிடைக்கும் வழக்கமான வேகங்களை வைத்துக் கணக்கிடுவோம். 9 மி.மீ.: 8 கிராம் குண்டு, நொடிக்கு 330 மீட்டர். குண்டின் ஆற்றல் 436 ஜூல். கைக்கு வருவது 5.8 ஜூல். .40: 11.7 கிராம், நொடிக்கு 290 மீட்டர். குண்டின் ஆற்றல் 492 ஜூல். கைக்கு வருவது 9.6 ஜூல். .45: 14.9 கிராம், நொடிக்கு 250 மீட்டர். குண்டின் ஆற்றல் 466 ஜூல். கைக்கு வருவது 11.6 ஜூல்.

இந்த எண்களை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 9-இலிருந்து .40-க்குச் செல்லும்போது குண்டின் ஆற்றல் 13 விழுக்காடு கூடுகிறது. பின்னுதைப்பு 65 விழுக்காடு கூடுகிறது. .45-க்குச் சென்றால் குண்டுக்குக் கிடைப்பது 7 விழுக்காடு; கைக்குக் கிடைப்பது இரு மடங்கு. ஒரு கிலோவை நெருங்கும் முழு அளவுக் காவல் துப்பாக்கியில் இதே தோட்டாக்களின் உதைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தணிந்துவிடும். மறைத்துச் செல்ல வேண்டும் என்று எடையைக் குறைத்தவரே அந்தத் தணிப்பை இழந்தவரும் ஆகிறார். பெரிய துப்பாக்கியில் பொருந்தும் காலிபர் அறிவுரை சிறிய துப்பாக்கியில் பொருந்தாமல் போவது இதனால்தான்.

உதைப்பின் தீங்கு வலியோடு முடிவதில்லை. குழல், பிடிக்கும் கைக்கு மேலே இருப்பதால் உதைப்பு முனையை மேல்நோக்கிச் சுழற்றுகிறது. அடுத்த குண்டுக்கு முன் குறியை மீட்க நேரம் பிடிக்கிறது. இன்னும் மோசமானது, வரப்போகும் உதைப்பையும் சுமார் 160 டெசிபெல் ஓசையையும் எதிர்பார்த்து உடல் தானாகவே சுருங்குவது. விசை இழுபடும் அதே கணத்தில் கை முனையைக் கீழே தள்ளிவிடுகிறது. விசையை இழுக்கச் சில கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் வேண்டும். துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோ சொச்சம். சிறு பதற்றமும் குழலைத் திருப்பிவிடும். குறுகிய துப்பாக்கியில் முன் பின் குறிமுனைகளுக்கு இடையே 13 சென்டிமீட்டர்தான். அங்கே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 7 மீட்டர் தொலைவில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் தவறும்.

சிறியதற்கும் எல்லை உண்டு

அப்படியென்றால் இன்னும் சிறிய .380-ஐ எடுத்துக்கொள்ளலாமே? அதன் விட்டம் 9 மி.மீட்டருக்குச் சமம், ஆனால் குண்டு ஆறு கிராம் சொச்சம், வேகமும் குறைவு. மேற்கண்ட கணக்கில் பின்னுதைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இழப்பு வேறிடத்தில் வருகிறது. ஹாலோ பாயின்ட் விரிந்தால் பல .380 குண்டுகள் 30 சென்டிமீட்டரைத் தொடுவதில்லை. விரியாவிட்டால் ஆழம் கிடைக்கும், அகலம் கிடைக்காது. இரண்டையும் ஒருசேரத் தருவதற்கு அந்தத் தோட்டாவிடம் போதிய ஆற்றல் இல்லை.

துப்பாக்கியின் இயங்குமுறையும் இதில் பங்கு கொள்கிறது. வால்தர் பிபிகே போன்ற பழைய .380 துப்பாக்கிகளில் குழல் அசையாது. குழலைச் சூழ்ந்து முன்பின் நகரும் ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்குகின்றன. எனவே ஸ்பிரிங் கடினமாகவும் உதைப்பு கூர்மையாகவும் இருக்கும். 9 மி.மீ. துப்பாக்கிகளில் பெரும்பாலானவை பிரவுனிங்கின் முறையைப் பின்பற்றுகின்றன. குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டு சற்றுத் தூரம் சேர்ந்தே பின்னால் போன பிறகு குழல் சாய்ந்து பிரிகிறது. உதைப்பு கொஞ்சம் நீண்ட நேரத்தில் பரவுகிறது. இம்முறையில் செய்த நவீன .380-கள் கை வலுக்குறைந்தவர்களுக்கும் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் நல்ல தேர்வு. ஸ்லைடை முழுதாகப் பின்னிழுக்க முடியாத 9 மி.மீட்டரைவிட, நிதானமாக இயக்க முடிகிற .380 மேல்.

9 மி.மீட்டரிலும் குழலின் நீளத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். குழல் ஓர் அங்குலம் குறைந்தால் குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 8 முதல் 15 மீட்டர் குறைகிறது. நீண்ட குழலின் வேகத்தில் விரியும்படி செய்த குண்டு குறுங்குழலில் விரியாமல் போகலாம். ஸ்பீர் நிறுவனத்தின் கோல்டு டாட் வரிசையில் குறுங்குழலுக்கென்றே தனித் தோட்டா இருப்பது இதனால்தான். ஆகவே, தோட்டாப் பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தைவிட, எட்டு சென்டிமீட்டர் குழலிலிருந்து ஜெலட்டினில் சுட்டுக் கண்ட ஆழமே நம்பத்தக்கது.

தவறும் குண்டு எங்கே போகிறது

காலிபர் பேச்சில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இலக்கைத் தொடாத குண்டு. நியூயார்க் காவல்துறையின் சுடும் பயிற்சியை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறிக்கை, 1998 முதல் 2006 வரை இரு தரப்பும் சுட்டுக்கொண்ட மோதல்களில் அதிகாரிகளின் குண்டுகளில் 18 விழுக்காடே இலக்கைத் தொட்டன என்கிறது. எதிராளி திருப்பிச் சுடாத நிகழ்வுகளிலும் 30 விழுக்காடுதான். இவர்கள் பயிற்சி பெற்றவர்கள், முழு அளவுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள். 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே கொலையாளி ஒருவரை நோக்கி இரு காவலர்கள் 16 முறை சுட்டார்கள். வழிப்போக்கர் ஒன்பது பேர் காயமடைந்தார்கள். அத்தனை பேரையும் காயப்படுத்தியது காவலர்களின் குண்டுகளும் அவற்றின் சிதறல்களும்தான்.

அவர்களைவிடக் குறைந்த பயிற்சியும், அவர்களுடையதைவிடச் சிறிய துப்பாக்கியும் கொண்ட ஒரு குடிமகன் அதே பதற்றத்தில் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள். குறி தவறிய .45 குண்டு குறி தவறிய 9 மி.மீ. குண்டைவிட எந்த வகையிலும் சிறந்ததல்ல. அது போய்ச் சேரும் இடம் ஒரு சுவராக இருக்கலாம், ஜன்னலுக்குப் பின்னாலிருக்கும் குழந்தையாகவும் இருக்கலாம். அந்தக் குண்டின் பொறுப்பு சுட்டவருடையது.

ஆகவே தேர்வின் வரிசை இப்படி அமைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 30 சென்டிமீட்டர் ஆழத்தைத் தொடும் தோட்டாக்களை முதலில் தேர்ந்தெடுங்கள். அவற்றுள், அந்தச் சிறு துப்பாக்கியில் உங்கள் கை ஐந்து முறை அடுத்தடுத்துச் சுட்டும் குறி கலையாமல் வைத்திருக்கக் கூடியது எது என்று சுடுதளத்தில் கண்டறியுங்கள். பிறகு மலிவாக வாங்கி அடிக்கடி பயிற்சி செய்ய முடிகிறதா என்று பாருங்கள். காலிபரின் விட்டம் இவை மூன்றுக்கும் பிறகுதான். பெரும்பாலானோருக்கு இந்த வரிசை 9 மி.மீட்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கும், சிலருக்கு .380-இல். .40-ஐயும் .45-ஐயும் எடையுள்ள துப்பாக்கிக்கும் பழகிய கைக்கும் விட்டுவிடலாம். இந்த வரிசையில் எதிலும் தேற முடியாதவர், அல்லது பயிற்சிக்கு நேரம் ஒதுக்க மனமில்லாதவர், துப்பாக்கியை எடுத்துச் செல்லாமல் இருப்பதே அவருக்கும் தெருவில் நடக்கும் மற்றவர்களுக்கும் பாதுகாப்பு.